நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

அங் மோ கியோவில் வீடு மாறிப்போகிறவர்
அறுபது வெள்ளிக்குக் கொடுத்தார் இந்த ஈக்வலைசரை.
பத்துப் பிடிகள்.
ஆறாவது கொஞ்சம் கரகரக்கும், அதட்டாதே என்றார்,
வளர்த்த நாயைக் கைமாற்றுகிறவர் மாதிரி.

எம்ஆர்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
ஈசூனில் பத்தாம் மாடி.
ஆம்ப்ளிஃபயருக்கும் சிடி பிளேயருக்கும் நடுவே
துணி விரித்து உட்காரவைத்தேன்.
முப்பத்தொன்றில் தொடங்கிப் பதினாறாயிரத்தில் முடிகிறது வரிசை.
இடக்கோடியில் ரயில் பாலத்தின் உறுமல்.
வலக்கோடியில் கொசு.
இடையில்தான் மனிதர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

துவாஸ் கப்பல் பட்டறையில்
பத்தொன்பது ஆண்டுகள் இரும்பைத் தேய்த்தேன்.
காதடைப்பான் கொடுத்தார்கள்.
வியர்வையில் வழுக்கும்,
எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன்.
சட்டைப்பைக்கு ஒரு குறையுமில்லை இன்றுவரை.

போன மார்ச்சில், மருத்துவமனையில்,
கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து
சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள்.
கொஞ்ச நேரம் அழுத்தினேன்.
பிறகு காத்திருந்தேன்.
வெளியே அந்தப் பெண் எழுதிக்கொண்டே இருந்தாள்.

ஆயிரம் வரை மேசை விளிம்பாக வந்த கோடு
நாலாயிரத்தில் பள்ளத்துக்குள் விழுந்து கிடந்தது.

பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன்
வல்லினம், மெல்லினம், இடையினம்.
வலியது நிலைக்கும் என்று நினைத்திருந்தேன்.
முதலில் போனது க ச ட த ப ற.
ங ஞ ண ந ம ன
பாகில் ஊறிக்கொண்டு அப்படியே இருக்கின்றன.
சாப்பிட்டாச்சா என்கிறாள் சசிரேகா.
ஆ, இ, ஆ, ஆ என்று
எலும்பெல்லாம் உருவிய ஒரு கேள்வி வந்து சேர்கிறது.
எல்லாவற்றுக்கும் ம் என்கிறேன்.
மெல்லினம். அதற்குச் சேதமில்லை.

ஜால்ராவும் கேட்பதில்லை.
பட்டறை அலுவலகத்தில் அடித்தபோதும் கேட்டதில்லை,
அது வேறு கதை.

ஆகவே எட்டாம் பிடியை உச்சிக்கு ஏற்றினேன்.
ஒன்பதாவதையும்.
பாடுகிறவள் வரிக்கு முன்னால் மூச்சிழுத்தாள்.
வயலினில் வில் திரும்பும் இடம் தெரிந்தது.
எழுந்து நின்றுவிட்டேன்,
வீட்டுக்குள் யாரோ வந்துவிட்டார்கள்.

வந்தது சசி, வேலை முடிந்து.
என்ன இது, தகரத்துல ஆணியால கீறுறாப்ல,
செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே.
இதைக் கேட்டேன். அந்த அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்.

மறுநாள் எல்லாப் பிடிகளும் நடுக்கோட்டில்.
நான் ஏற்றுவேன், அவள் இறக்குவாள்.
அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.
ஒரு மாதம் அந்தப் பெட்டிதான்
எங்கள் இருவருக்கும் இடையே போய்வந்தது.

வெள்ளிக்கிழமை.
இப்போது ஸ்டோரில் கணக்கெழுதுகிறேன், சீக்கிரம் விட்டுவிட்டார்கள்.
கதவைத் திறந்தால் பாட்டு ஓடுகிறது,
ஆனால் எங்கோ மூன்று மாடி கீழே.
எட்டும் ஒன்பதும் பத்தும் அடிமட்டத்தில் கிடந்தன.
சண்டைதான் என்று நினைத்தேன்.
அப்புறம்தான் பார்த்தேன், அவள் மடியில் என் காதின் படம்.
அதைப் பார்த்துப் பார்த்து
ஒவ்வொரு பிடியாக இறக்கியிருக்கிறாள்,
கணக்குநோட்டைக் காப்பியடிக்கும் பிள்ளையின் கவனத்தோடு.

முகத்தை என் பக்கம் திருப்பி,
உதடு தெரிய, மெதுவாகக் கேட்டாள்:
இப்படித்தான் கேக்குதா?

பன்னிரண்டுக்குக் கீழே பிடி இறங்காது சசி,
என் பள்ளம் ஐம்பத்தைந்து.
சொல்லவில்லை.
ம் என்றேன்.

அவளுக்குக் கம்பளிக்குள் கேட்ட பாட்டு
எனக்கு இரண்டாவது கம்பளிக்கு அடியில் ஓடியது.
அணைக்காமல் உட்கார்ந்திருந்தோம்.
பிறகு எட்டாம் பிடியைக் கொஞ்சம் ஏற்றினாள்,
என் முகத்தைப் பார்த்தாள்,
இன்னும் கொஞ்சம்.
நடுக்கோட்டைத் தாண்டி ஒரு விரல்கனம் போனதும்
அவள் புருவம் சுருங்கியது.
கையை எடுத்துவிட்டாள், பிடியை அங்கேயே விட்டுவிட்டு.

சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போனாள்.
மைக்ரோவேவ் கூப்பிட்டிருக்க வேண்டும்.